பதினேழாம் நம்பர் முத்திரை

அந்தச் சனிக்கிழமை பதினேழுக்கு நேரம் சரியில்லை. ஒரே நாளில் மூன்று முறை தூக்கிவாரிப் போட்டால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

பதினேழு என்பது அவள் வயசல்ல. வயசு ஐம்பத்தொன்று. மழைக்கோட்டுத் தொழிற்சாலையின் சோதனை அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. கையில் இருக்கும் ரப்பர் முத்திரையின் எண்தான் பெயர். பக்கத்து மேஜைக்காரி இருபத்தொன்று. ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுக்கத் தும்முகிறவர் ஒன்பது. தைத்து வரும் மழைச் சட்டையின் தையல்களில் நீர் நுழைகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. தையலை இயந்திரத்தில் இறுக்கி, கீழிருந்து தண்ணீரை அழுத்தி, இரண்டு நிமிஷம் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். மேலே ஒரு துளி முத்துக் கட்டினாலும் சட்டை திரும்பிப் போகும். கட்டாவிட்டால் உள்பையின் ஓரத்தில் தன் எண்ணையும் அன்றைய தேதியையும் குத்தி அனுப்பலாம்.

இருபத்திரண்டு வருஷமாக இதையே செய்கிறாள். மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தை ஒன்றரையாகச் சுருக்குவார்கள். இவள் இரண்டே கால் ஆக்குவாள். போதாக்குறைக்குத் தன் சொந்த வித்தை ஒன்றும் வைத்திருந்தாள். சட்டையை உள்புறம் வெளியாகத் திருப்பி, அக்குளில் நாலு தையல் கூடும் இடத்தில் வாயை வைத்து ஊதுவாள். மறுபக்கத்தில் புறங்கையை நனைத்து வைத்திருப்பாள். அங்கே ஜில்லென்று பட்டால் காற்று போகிறது. காற்று போனால் தண்ணீரும் போகும். "இருபத்திரண்டு வருஷமா ஊதுறா, இன்னும் ஒரு சட்டைகூடப் பறக்கல" என்று ஒன்பது கிண்டல் செய்வார். செய்யட்டும். பதினேழு குத்திய சட்டை ஒழுகியது என்று ஒரு புகார் வந்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள். சொன்னபோது வீடு இரண்டுபட்டது. அண்ணன் மட்டும் தட்டிலிருந்து தலை தூக்காமல், "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு எழுந்து போனார். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் அண்ணனுக்கு உயிரையே கொடுப்பாள். இப்போதும் அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறாள்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே தூண்டில் வாங்கிவிட்டார். "இருபத்தெட்டு வருஷம் ஆகாயத்துல உக்காந்தாச்சு. இனிமே தண்ணியில நிக்கணும்" என்றார். கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ஜாதி அல்ல அவர். இடுப்பளவு ஆற்றில் இறங்கி, மணிக்கணக்காக நின்று, மீன் மாட்டினால் குனிந்து கையால் தூக்கி, முக்கால்வாசி மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வருவார். அண்ணிக்கு இது விளங்கவே இல்லை. "விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

மூன்று மாதம் முன்னால், குளிர் தொடங்கிய நேரத்தில், பழைய கோட்டோடு மழையில் நின்று தொப்பலாக நனைந்து வந்தவருக்கு நிமோனியா கண்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அதில் நாலு நாள் ஆக்ஸிஜன் முகமூடி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "மார்பு நனையக் கூடாது, குளிர் ஏறக் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா இந்த நுரையீரல் தாங்காது."

அந்த அண்ணன் வீட்டுக் குளியலறையில்தான் சனிக்கிழமை காலை முதல் அதிர்ச்சி. கை கழுவப் போனவள் கதவுக்குப் பின்னால் பார்த்தாள்: மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாதத்தில் ஆற்று மணல். மணலில் ஈரம்.

"அண்ணே!"

அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். பார்த்தார். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"ஆத்துக்குப் போனியா?"

"சும்மா எட்டிப் பாத்துட்டு வந்தேன்."

"ரப்பர் கால்சட்டை மாட்டிக்கிட்டு எட்டிப் பாத்தியா? டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"மார்பு நனையக் கூடாதுன்னாங்க. நான் இடுப்பு வரைக்கும்தானே இறங்குறேன்?"

இது வக்கீல் பேச்சு. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. நீயாவது கேளும்மா" என்றாள். பதினேழு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முகமூடிக்குள் அண்ணன் மூச்சுக்குத் தவித்த அந்த நாலு நாளும் கண்முன் வந்து நின்றன. கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"சரி, போறதுன்னா போ. ஆனா மேல போடுற சட்டையை நான் பாத்துத்தான் எடுப்பேன். கிளம்பு, கடைக்கு."

"இப்பவா?"

"இப்பவே."

அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மென்று விழுங்கிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

தூண்டில் கடை பெரிய சாலையில், பல் டாக்டர் மாடிக்குக் கீழே இருந்தது. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் வாசலுக்கே வந்து, "வாங்க ஐயா, வாங்கம்மா" என்றார். அண்ணன் அவரைப் பார்த்துக் கண்ணை ஒரு மாதிரி சிமிட்டினார். தூசி விழுந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"தண்ணிக்குள்ள நின்னு மீன் பிடிக்கிறவங்க போடுற சட்டை. தண்ணி புகக் கூடாது. காட்டுங்க."

கடைக்காரர் முதலில் ஒரு நீளச் சட்டையை எடுத்துப் போட்டார். முழங்கால் வரை வந்தது.

"இது பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு" என்று அவள் தள்ளி வைத்தாள். "இடுப்பளவு தண்ணியில நின்னா இதோட கீழ்ப்பாதி தண்ணியிலதானே மிதக்கும்? குட்டையா எடுங்க."

குட்டையானது வந்தது. பைகள் இரண்டும் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தன. அதுவும் போயிற்று, பை நெஞ்சுக்கு மேலே இருந்தால்தான் தண்ணீர் மொள்ளாது. மூன்றாவது பார்க்கப் பிரமாதமாக இருந்தது. முதுகில் வலையை மாட்ட வளையம், தொப்பி வைத்த தலைக்கு மேலும் மூடுகிற முக்காடு. ஆனால் மணிக்கட்டில் வெறும் பட்டன். "மீனைத் தூக்கக் கையைத் தண்ணிக்குள்ள விட்டா நேரா முழங்கைக்கு ஏறும். கையைப் பிடிச்ச மாதிரி ரப்பர் பட்டை வேணும்."

கடைக்காரர் அசந்து போனார். "அம்மா ரொம்ப வருஷமா மீன் பிடிக்கிறீங்களோ?"

"நான் மீனைத் தட்டுலகூடத் தொட்டதில்ல" என்றாள் அவள்.

நாலாவதை எடுத்து உள்புறமாகத் திருப்பி அக்குளில் வாயை வைத்து அவள் ஊதியபோது கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார். புதுச் சட்டையில் வாய் வைக்கிற வாடிக்கையாளரை அவர் கண்டதில்லை. தேறாத சட்டையைத் தள்ளிவிட்டு அவள் அடுத்ததைக் கேட்டாள். கடைக்காரர் அண்ணன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு பச்சைச் சட்டையை மேஜையில் வைத்தார்.

"இதுதான் இப்ப நல்லாப் போகுது. உள்ளூர்ச் சரக்கு."

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவள் தொழிற்சாலைச் சட்டை. குட்டை நீளம், நெஞ்சுப் பை, மணிக்கட்டில் ரப்பர் பட்டை, எல்லாம் கச்சிதம். உள்பையை வெளியே இழுத்தாள். ஓரத்தில் நீல மையில் பதினேழு. அவளுக்கு முகமெல்லாம் பூரித்துப் போயிற்று. "பாத்தியாண்ணே! ஊரெல்லாம் தேடுறோம், நம்ம சட்டை இங்க இருக்கு!" அண்ணன் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் நம்பர்தானே என்று அப்படியே கட்டித் தரச் சொல்லியிருக்கலாம். பழக்க தோஷம், ஊதினாள்.

நனைந்த புறங்கையில் ஜில்லென்று பட்டது.

உதடு சரியாகப் பொருந்தவில்லை என்று நினைத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். மறுபடி ஜில். அடுத்த அக்குள். அங்கேயும் ஜில். மின்விசிறியை நிறுத்தச் சொல்லி ஊதினாள். காற்று தாராளமாகப் போயிற்று. தண்ணீர் புகாமலிருக்கத் தையல் மேல் ஒட்டிய பட்டையை நகத்தால் நெருடினாள். தபால்தலை மாதிரி உரிந்து வந்தது.

தன் முத்திரை குத்திய சட்டை, இப்படி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தாள். அந்தத் தேதியை அவள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்து முகமூடி மாட்டிய நாள். காலை முதல் இரவு வரை ஆஸ்பத்திரி நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலைப் பக்கம் அவள் போகவே இல்லை.

அப்புறம் ஞாபகம் வந்தது. அந்த நடைபாதையில் சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்ததே! "உங்க மேஜைச் சரக்கு அப்படியே நிக்குது. பதினேழு முத்திரை இல்லாம வெளிய அனுப்ப முடியாது. எங்க வெச்சிருக்கீங்க?" கதவு திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்துக் கூப்பிட்ட நேரம் அது. "டிராயர்ல இருக்கு சார். சாவி ஜன்னல் தொட்டிச் செடிக்கு அடியில இருக்கு. இருபத்தொண்ணு பாத்துக் குத்தட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். இருபத்திரண்டு வருஷமாக யார் கையிலும் கொடுக்காத முத்திரையை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டாள். கொடுத்ததையே மறந்தும் போனாள்.

கடையிலேயே நின்று இருபத்தொன்றுக்குப் போன் போட்டாள்.

"நான் லீவுல இருந்த பதினோரு நாளும் என் மேஜைச் சட்டையை நீதானே பாத்த?"

"குத்தினது நான்தான்."

"குத்தினது சரி. தண்ணி வெச்சுப் பாத்தியா?"

"தினமும் ஒரு கட்டைக் கொண்டுவந்து வெச்சு, லீவுக்கு முந்தியே நீ பாத்து முடிச்சது, முத்திரை மட்டும்தான் பாக்கின்னு சூப்பர்வைசர் சொன்னாரே? உன் சரக்குல நான் என்னத்தப் பாக்கறது? கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினேன். ஏன்டி, என்ன ஆச்சு?"

பதினேழு போனை வைத்தாள். அந்த வாரம் பட்டை ஒட்டும் இயந்திரத்தில் சூடு குறைந்திருக்க வேண்டும். தண்ணீர் வைத்திருந்தால் முதல் சட்டையிலேயே தெரிந்திருக்கும். பதினோரு நாள் சட்டை, அத்தனையும் அவள் எண்ணோடு ஊரெல்லாம் போயிருக்கிறது.

"இந்தச் சட்டையையெல்லாம் எடுத்து உள்ள வைங்க. விக்காதீங்க" என்றாள் கடைக்காரரிடம்.

"அதெப்படிம்மா? கம்பெனி சொல்லணும். நீங்க யாரு?"

"அந்தப் பதினேழு நான்தான்."

சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நல்லவேளைண்ணே. இதைப் போட்டுக்கிட்டு நீ தண்ணியில இறங்கியிருந்தா..."

அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா, நான் போன மாசமே எடுத்துட்டேன்."

"எதை?"

"இதைத்தான்."

கடைக்காரர் இனியும் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார். "ஐயா கண்ணைக் காட்டினதால பேசாம இருந்தேன்மா. அன்னிக்கு வந்து கடையில இருந்த அத்தனை சட்டையோட பையையும் வெளிய இழுத்து இழுத்துப் பாத்தாரு. நீளம் பாக்கல, கலர் பாக்கல. இது உங்களுக்கு ஒரு அளவு பெருசுன்னேன், காதுலயே போட்டுக்கல."

பதினேழுக்குக் கடை சுற்றியது.

"எத்தனை தடவைண்ணே போட்டுக்கிட்டுப் போன?"

"ஒம்பது தடவை. உனக்குத் தெரிஞ்சா கத்துவேன்னு மாடிப்படிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"உள்ள நனைஞ்சுதா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "தூறல் போட்டா, குனிஞ்சு எந்திரிச்சா, அக்குள் பக்கம் ஈரமாகும். அப்படியே நெஞ்சுக்கு வரும். பனியனைப் பிழிஞ்சா சொட்டும்."

"சொட்டுற அளவுக்கு நனைஞ்சும் ஏன்ணே மறுபடி மறுபடி போட்ட?"

"வேர்வைன்னு நெனச்சேன்."

"இந்தக் குளிர்ல, ஆத்துக்குள்ள நின்னுக்கிட்டு, வேர்வையா?"

"உன் நம்பர் ஒழுகாதே பாப்பா. அப்ப வேர்வையாத்தானே இருக்கணும்?"

சொல்லி முடித்து இருமினார். காலையிலிருந்து இருமிக்கொண்டுதான் இருந்தார். பழைய நிமோனியாவின் மிச்சம் என்று அவள் நினைத்திருந்தாள். அது மிச்சமல்ல, புதுசு. அவளை யாரோ ஓங்கி அறைந்தது போல இருந்தது. அண்ணனை நனைத்தது ஆறுமில்லை, மழையுமில்லை. அவள் முத்திரை. அழக்கூடத் தோன்றவில்லை. அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். சட்டையும் எடுக்கவில்லை, கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளவுமில்லை.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். வலது பக்கம் மறுபடியும் சளி கட்டத் தொடங்கியிருந்தது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா என்கிட்ட வந்து பிரயோஜனம் இருந்திருக்காது" என்றார். மூன்று வாரம் மருந்து, வீட்டை விட்டு நகரக் கூடாது. வழக்கமாக வாதாடுகிற அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் மேனேஜர் அறைக்குள் போய், மேஜையில் முத்திரையை வைத்தாள். பக்கத்தில் பதினோரு தேதிகள் எழுதிய தாளை வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். சூப்பர்வைசரையும் இருபத்தொன்றையும் சொல்வதற்கு முன்னால், சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னது நான்தான் என்று தன்னைச் சொன்னாள்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு மாசம் ஆச்சு. இதுவரைக்கும் யாரும் ஒழுகுதுன்னு சொல்லலையே?"

"சொல்ல மாட்டாங்க சார். வேர்வைன்னு நெனச்சுக்குவாங்க."

மேனேஜர் போனை எடுத்தார். அன்று மாலையே கடைகளுக்கு ஆள் போயிற்று. சட்டைகள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. எடுத்துப் போனவர்களைத் தேடிப் போன் போட்டார்கள். சூப்பர்வைசரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். திரும்பி வருகிற சட்டையை அடையாளம் காண வசதியாக, பதினேழு என்கிற எண்ணையே எடுத்துவிட்டார்கள். இனி யாருக்கும் அது கிடையாது. அவளுக்கு நாற்பது கொடுத்தார்கள். இருபத்தொன்று அழுதாள். ஒன்பது தும்மக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது என்று கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க இரண்டு வாரமாயிற்று.

மூன்று வாரம் முடிந்து டாக்டரம்மா, "நனையாம போகலாம்" என்று சொன்ன மறுநாள், அண்ணனும் தங்கையும் அதே கடைக்குப் போனார்கள். வேறு கம்பெனிச் சட்டை ஒன்றை அவள் எடுத்தாள். ஊதினாள். இன்னொருவர் மாதிரி பயந்து பயந்து ஊதினாள். காற்று போகவில்லை. அப்போதும் மனசு ஒப்பவில்லை. அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து, அக்குளை உள்ளே முக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அண்ணனும் அண்ணியும் வாசலில் நின்றார்கள். இரண்டு நிமிஷம் ஆயிற்று. இரண்டே காலும் ஆயிற்று. அவள் கையை எடுக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து அண்ணி, "போதும்மா, உன் கை விறைச்சுப் போச்சு" என்றாள்.

உள்ளே கை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அண்ணன் சட்டையை வாங்கி உள்பையை வெளியே இழுத்தார். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை. தான் போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எதுக்குண்ணே?"

"நம்பர் போடு. அப்பத்தான் போடுவேன்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். இத்தனைக்கும் பிறகு இந்த மனுஷன் இதைக் கேட்பார் என்று அவள் நினைக்கவே இல்லை. துணியை முழங்காலில் வைத்து நான்கு என்று தொடங்கினாள்.

"அது யாரு?" என்றார் அண்ணன்.

"நான்தான். இப்ப நாப்பது."

"அவங்களை எனக்குத் தெரியாது."

அவள் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பதினேழு என்று எழுதினாள். முழங்காலில் வைத்து எழுதியதில் ஏழு கோணலாக விழுந்தது. அண்ணன் குனிந்து பார்த்தார்.

"தேதியையும் போடு" என்றார்.

போட்டாள்.